உப்புக் காற்றில் ஒரு ‘ஹலோ!’

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கவனிக்காமல் போக முடியாது. புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோ மீட்டர் தொலைவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கின்றன உப்பளங்கள். வெயில் ஏற ஏறப் பாத்திகள் பளபளக்கும். வரப்புகளில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் நிற்கும். ஒரு பக்கம் கழுவெளி ஏரி, மறு பக்கம் வங்கக் கடல், ஊடே பக்கிங்காம் கால்வாய்.

இவை எல்லாவற்றின் மீதும் ஓயாமல் வீசிக்கொண்டிருப்பது காற்று. வெயிலும் காற்றும் சேர்ந்தால்தான் உப்பு விளையும். ஆனால் உப்புக்கு உறவான அந்தக் காற்றே, டெலிபோனுக்குப் பகை!

வரப்பில் நின்றுகொண்டு வியாபாரியுடன் கைப்பேசியில் பேசும் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் கருவியை அழுத்திக்கொண்டு, “அண்ணே, என்ன சொன்னீங்க? நூறா, முந்நூறா?” என்று கத்துகிறார். அந்தப் பக்கத்தில் சொன்னது ‘முந்நூறு’. வந்து சேர்ந்தது ‘நூறு’. முதல் அசையைக் காற்று விழுங்கிவிட்டது! ஓர் அசை போனால் பேரமே போயிற்று.

கைப்பேசியில் இன்று படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம், பாதை கேட்கலாம். ஆயினும் அது பிறந்தது பேசுவதற்காகத்தானே? 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரத் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். இந்தியாவில் 1995 ஜூலை 31-ஆம் தேதி, அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசினார். அன்று முதல் இன்றுவரை குரல்தான் கைப்பேசியின் உயிர்.

அப்படியிருக்க, எல்லா வேலையும் செய்து, பேச மட்டும் தடுமாறும் கைப்பேசிகளும் உலகில் உண்டு என்றால் வியப்பாக இல்லையா? அவற்றைப் பேச வைப்பதற்காக ஒரு பெருங்கூட்டம் பல ஆண்டுகளாகக் கூலி வாங்காமல் உழைத்து வருகிறது என்றால் வியப்பு இன்னும் கூடும். அவைதாம் ‘லினக்ஸ் கைப்பேசிகள்’.

பூட்டில்லாத பெட்டி

1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கம்ப்யூட்டர் கருநிரல்தான் லினக்ஸ். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் தருமம். நாம் சாதாரணமாக வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அடித்தளத்தில் ஓடுவது அதே லினக்ஸ்தான். ஆனால் அதன் மேலே கம்பெனிகள் அடுக்கிய பல பகுதிகள் பூட்டிய பெட்டிகள். கம்பெனி கைவிட்டுவிட்டால், நல்ல நிலையில் உள்ள கருவியும் சில ஆண்டுகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் அநாதையாகிவிடும்.

இந்தப் பூட்டுகளை இயன்ற மட்டும் களைந்து, மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸையே கைப்பேசியிலும் ஓடவிடுவதுதான் லினக்ஸ் கைப்பேசி. பைன்64 என்ற நிறுவனம் 2020 ஜனவரியில் ‘பைன்போன்’ கருவிகளை அனுப்பத் தொடங்கியது. விலை சுமார் 150 டாலர். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம் ‘லிப்ரெம் 5’ கருவியை வெளியிடத் தொடங்கியது. அதில் மைக்கையும் காமிராவையும் விசை தட்டி மின்சாரத்தையே துண்டித்துவிடலாம்.

2017-இல் தொடங்கிய ‘போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்.’ என்னும் முயற்சி வேறு வழியில் போயிற்று. ஏற்கெனவே ஜனங்கள் கையில் இருக்கும் பழைய கைப்பேசிகளுக்கே லினக்ஸைப் பொருத்தி, பத்தாண்டு ஆயுள் கொடுப்பது அதன் நோக்கம். 2018-இல் இந்தியாவில் நன்றாக விற்ற ‘போக்கோ எஃப்1’ கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இவற்றிலெல்லாம் திரை எரிந்தது, எழுத்து தெரிந்தது, இணையம் வந்தது. அழைப்பு வந்தால் மணியும் அடித்தது. எடுத்து “ஹலோ” என்றால்தான் சங்கடம். ஒரு பக்கம் மௌனம், அல்லது எதிரொலி, அல்லது வண்டு முரளும் ஓசை!

ஒரு பெட்டியில் இரண்டு மூளைகள்

காரணம் என்ன? கைப்பேசிக்குள் ஒரு கம்ப்யூட்டர் அல்ல, குறைந்தது இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று, திரையையும் செயலிகளையும் நடத்தும் பிரதான மூளை. மற்றொன்று ‘மோடம்’ எனப்படுவது. கோபுரத்துடன் வானொலி அலைகளில் உறவாடுவது அதன் வேலை. அதற்குத் தனி நினைவகம், தனி மென்பொருள். அந்த மென்பொருள் பூட்டியது. அதைச் செய்த கம்பெனிக்குத்தான் உள்ளே நடப்பது தெரியும்.

நாம் பேசும் குரல் மைக்கில் மின்துடிப்பாகிறது. சாதாரண அழைப்பில் அதை வினாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துப் பேச்சு 160 எண்களாகச் சேர்ந்ததும், அதைச் சுருக்கி ஒரு பொட்டலமாகக் கட்டுகிறது மோடம். நல்ல நிலையில் அந்தப் பொட்டலத்தின் அளவு 244 பிட்டுகள். இப்படி வினாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் காற்றில் பறக்கின்றன. எதிர்ப்பக்கத்து மோடம் பிரித்துக் குரலாக்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல கைப்பேசிகளில் இந்தக் குரல் பிரதான மூளையின் வழியாகப் போவதே இல்லை! மைக்கிலிருந்து ஒலிச் சில்லு, அங்கிருந்து மோடம் என்று புறவழிச் சாலையில் போய்விடுகிறது. பிரதான மூளையின் வேலை, ரயில் பாதையில் பாயிண்ட்ஸ்மேன் செய்யும் வேலைதான். அழைப்பு வந்ததும் தடம் மாற்ற வேண்டும்; முடிந்ததும் பழைய தடத்துக்கே திருப்ப வேண்டும். எந்த நெம்புகோலை எந்த நொடியில் இழுப்பது என்பது கம்பெனியின் இரகசியக் குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பு தொண்டர்கள் கையில் இல்லை. தடம் மாறாவிட்டால் குரல் எங்கோ போய் நின்றுவிடும். மணி அடித்தும் மௌனம் நிலவியதன் மர்மம் இதுதான்.

வண்டு முரன்ற கதை

இந்தப் போராட்டத்தின் முதல் அத்தியாயம் 2008-இல் எழுதப்பட்டது. தைவானைச் சேர்ந்த ‘ஓபன்மோகோ’ அந்த ஆண்டு ‘ஃப்ரீரன்னர்’ என்ற கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் பேசினால், கேட்பவர் காதில் ‘ர்ர்ர்’ என்று ஒரு முரல்! 2ஜி கைப்பேசி கோபுரத்துடன் பேசும்போது வானொலி அலையை ஒரே சீராக அனுப்புவதில்லை. வினாடிக்குச் சுமார் 217 முறை விட்டு விட்டு அனுப்புகிறது. பழைய ரேடியோப் பெட்டியின் அருகே கைப்பேசியை வைத்தால் ‘டிக்-டிக்-டர்ர்’ என்று கேட்குமே, அதே துடிப்புதான். ஃப்ரீரன்னரில் அது மைக்கின் மின்பாதையில் புகுந்துவிட்டது.

மென்பொருளால் தீராத நோய் அது. மின்தேக்கி ஒன்றை மாற்றிப் பற்றவைத்தால்தான் தீரும் என்று கண்டுபிடித்தார்கள். கைப்பேசி வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகக் கூடி, சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்தவரைச் சுற்றி உட்கார்ந்து, வரிசையாகக் கருவிகளைத் திறந்து வைத்தியம் செய்துகொண்டார்கள். பூட்டில்லாத பெட்டி என்பதன் பொருள் அன்று விளங்கிற்று. குறை இருந்தது; ஆனால் குறையைத் திறந்து பார்க்கவும் தீர்க்கவும் வழியிருந்தது.

மோடத்துக்கு ஆணை

பைன்போனில் வந்த சிக்கல் வேறு. அதன் மோடம் தனி அட்டை போன்றது. சிறிய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று அதனுள்ளேயே ஓடுகிறது! மோடத்துக்கும் ஒலிச் சில்லுக்கும் இடையே மெல்லிய கம்பித் தடங்கள் வழியாக எண்கள் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் எண்ணினால்தான் குரல் வரும். தாளம் தவறினால் கரகரப்பு. இந்தத் தாளத்தை ஒழுங்கு செய்யும் நிரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழுதப்பட்டன.

தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு ‘கால்ஆடியோடி’ என்ற சிறு நிரல் பிறந்தது. அழைப்பு தொடங்கியதும் ஒலியைப் ‘பேச்சு’ நிலைக்கு மாற்றுவது, ஸ்பீக்கரைத் திறப்பது, மைக்கை மூடுவது ஆகியவையே அதன் பணி. பார்க்க அற்ப வேலை. ஆனால் அது பிசகினால் அழைப்பே வீண். போக்கோ எஃப்1 போன்ற பழைய கருவிகளுக்கோ, குவால்காம் சில்லுக்குள் இருக்கும் ஒலிப் பிரிவைத் தட்டி எழுப்பி ‘குரலுக்கு வழி விடு’ என்று சொல்ல வேறொரு உதவி நிரல் தேவைப்பட்டது.

மோடத்துடன் பேசும் மொழி விசித்திரமானது. 1981-இல் டெலிபோன் கம்பியோடு கம்ப்யூட்டரை இணைக்க அமெரிக்காவில் வகுத்த ‘ஏ.டி.’ ஆணைகள்தாம் இன்றும் ஆட்சி செய்கின்றன. ‘ஏ.டி.டி.’ என்றால் எண்ணைச் சுழற்று, ‘ஏ.டி.ஏ.’ என்றால் அழைப்பை எடு, ‘ஏ.டி.எச்.’ என்றால் வைத்துவிடு. மைக்கின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும், எதிரொலியை அடக்கவும்கூட இவ்வகை ஆணைகள் உண்டு. சரியான எண்ணைக் கண்டுபிடிக்க, ஒருவர் ஒரு அறையிலும் நண்பர் அடுத்த அறையிலுமாக இருந்து “கேட்கிறதா? இப்போது?” என்று நூறு முறை பேசிப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

எதிரொலி என்னும் பூதம்

எதிரொலி எப்படி வருகிறது? நம் குரல் அந்தப் பக்கத்துக் கருவியின் ஸ்பீக்கரில் ஒலித்து, அதே கருவியின் மைக்கில் மீண்டும் புகுந்து, நமக்கே திரும்பி வந்துவிடுகிறது. உடனே திரும்பினால் காது அதைப் பொருட்படுத்தாது. தாமதித்துத் திரும்பினால்தான் பேச நா எழாது. ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்குக் குரல் போய்ச் சேர ஆகும் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி கூறுகிறது.

லிப்ரெம் 5-இல் மோடம் தரும் குரலைப் பிரதான மூளையே கையில் வாங்கி ஒலிச் சில்லுக்குக் கொடுக்கிறது. வெளிப்படையான முறைதான், ஆனால் கை மாறும் இடத்திலெல்லாம் சிறு தாமதம் சேரும். தாமதம் வளர்ந்தால் பூதமும் வளரும். இதற்கு மருந்து, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை நிரல் ஒன்று நினைவில் வைத்துக்கொண்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழிப்பதுதான். கழிப்பது குறைந்தால் எதிரொலி மிஞ்சும். மிகுந்தால் பேசுகிறவரின் சொல்லே வெட்டுப்படும். ‘முந்நூறு’ என்பது ‘நூறு’ ஆவதற்குக் காற்று மட்டும் காரணமல்ல; இந்தக் கழித்தலும் காரணமாகலாம்!

4ஜி வைத்த புதிய பூட்டு

ஒரு பூட்டைத் திறப்பதற்குள் இன்னொரு பூட்டு விழுந்தது. 2ஜி, 3ஜி காலத்தில் குரலுக்குத் தனிப் பாதை இருந்தது. 4ஜி-யில் அது இல்லை. இணையச் செய்தி போலவே குரலும் பொட்டலமாகப் போக வேண்டும். இதற்குப் பெயர் ‘வோல்ட்டி’. இதில் வினாடிக்கு 16,000 முறை அளக்கும் விசாலமான குரலும் கிடைக்கும். ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் துலக்கமாக வேறுபடும். ஆனால் கைப்பேசி நிறுவனம், மோடம் நிறுவனம், இணைப்பு தரும் நிறுவனம் ஆகிய மூவரும் ஒத்துப்போனால்தான் அது வேலை செய்யும். லினக்ஸ் கைப்பேசிக்காக இந்த மூவரிடமும் பேசப்போவது யார்?

அமெரிக்காவில் 2022-இல் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடியபோது, வோல்ட்டி இல்லாத கருவிகள் பலவும் ஊமையாயின. இந்தியாவில் 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ, 2ஜி-யும் 3ஜி-யும் இல்லாமல் 4ஜி-யை மட்டுமே நம்பி வந்தது. ஆகையால் வோல்ட்டி பேசத் தெரியாத கருவிக்கு ஜியோ அட்டையில் சாதாரண அழைப்பு இல்லை. ஏர்டெல், வீ, பி.எஸ்.என்.எல். நிறுவனங்கள் 2ஜி-யை நடத்தி வருவதால், நம் நாட்டில் லினக்ஸ் கைப்பேசிக்கு இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் என்றைக்கும் திறந்திருக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஒரு குரலின் விலை

“இதெல்லாம் பொழுதுபோக்காளர்களின் கவலை, கடலோர ஜனங்களுக்கு என்ன?” என்று கேட்கத் தோன்றலாம். மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியையும் தாண்டி இருக்கும் நல்லவாடு என்ற மீனவக் கிராமம் அதற்கு விடை சொல்லும்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. அலையின் உயரம், காற்றின் போக்கு முதலிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் பெற்று, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் டெலிவிஷனில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டார். உடனே ஊருக்கு டெலிபோன் செய்தார். செய்தி அறிவு மையத்துக்கு எட்டி, ஒலிபெருக்கியில் முழங்கிற்று. ஜனங்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் அது.

அந்த அழைப்பில் மணி மட்டும் அடித்து, குரல் கேட்காமல் போயிருந்தால்?

மரக்காணம் கடற்கரையும் புயலுக்குப் புதிதல்ல. 2020 நவம்பரில் ‘நிவர்’, 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ என இரண்டும் புதுச்சேரி அருகே இதே கடலோரத்தில்தான் கரை கடந்தன. அத்தகைய இரவில் எழுத்துச் செய்தியைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இராது. தெரிந்தவரின் குரல்தான் ஆளை எழுப்பும். ஆகவே, லினக்ஸ் கைப்பேசியில் ஆர்வம் உள்ளவர்களும் இன்றைய நிலையில் அதை மட்டுமே நம்பியிருப்பது விவேகமல்ல. 112 என்ற அவசர எண்ணை அழைக்க நம்பகமான மற்றொரு கருவி பக்கத்தில் இருக்கட்டும்.

எந்தக் கருவியானாலும் உப்பளத்தில் பேசுகிறவர்கள் மனத்தில் கொள்ளத்தக்க சில உபாயங்கள் உண்டு. மைக் கருவியின் அடியில் ஊசித்துளை போல இருக்கும். அதை விரலால் மூடக்கூடாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அந்தத் துளையில் உப்பும் தூசியும் படிந்தால் குரல் மங்கும். ஈரமில்லாத மென்மையான தூரிகையால் துடைக்கலாம். விலை பேசும்போது ‘முந்நூறு’ என்பதோடு நிறுத்தாமல் ‘மூன்று, பூஜ்யம், பூஜ்யம்’ என்று ஒவ்வொன்றாகவும் சொல்வது நல்லது.

கூடி இழுக்கும் வலை

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத் தலைநகரில் ‘விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு’ இயங்கி வருகிறது. கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் ஒன்று உண்டு. உலகத்தின் மறுகோடியில் எழுதப்படும் நிரலை இங்கே ஒரு மாணவியோ மாணவனோ திறந்து படிக்கலாம். பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அவர்களுக்கு இந்தக் கடற்கரை தரக்கூடிய பாடம் ஒன்று இருக்கிறது. எதிரொலியில்லாத மௌன அறையில் சோதித்த கருவி, உப்பளக் காற்றில் தேறும் என்று சொல்ல முடியாது. தமிழ்ச் சொற்களின் முதல் அசையை வெட்டாமல் இரைச்சலை மட்டும் வெட்டுகிறதா என்று பார்க்க, தமிழ் பேசுகிறவர்கள்தான் பேசிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு மரக்காணத்தின் வரப்பைவிடக் கடுமையான இடம் எளிதில் கிடைக்குமா?

லினக்ஸ் கைப்பேசிகளின் குரல் 2008-இல் இருந்ததைவிட இன்று எவ்வளவோ தெளிந்திருக்கிறது. முரல் போயிற்று, மௌனம் பெரும்பாலும் போயிற்று, எதிரொலியும் வோல்ட்டியும் பாக்கி. வலையைக் கரைக்கு இழுப்பது போல, ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் கை கொடுத்து இழுத்து வந்த பலன் இது.

உப்பும் அப்படித்தான். கடல்நீரைப் பாத்தியில் விட்டதும் உப்பு வந்துவிடுவதில்லை. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலுக்கும் காற்றுக்கும் காத்திருந்து, கடைசியில் ஒருநாள் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அந்த உப்பை வாரிக் குவித்த கையே கைப்பேசியை எடுத்து, “முந்நூறுதானே அண்ணே?” என்று ஒருமுறை மட்டும் கேட்டு, “ஆமாம்” என்ற பதிலைத் தெளிவாகப் பெற வேண்டும். உழைக்கிறவரின் கைக்கு அடக்கமான, அவரே பழுது பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு கருவியில் அது நடக்கும் நாள்தான் இந்தத் தொண்டர்களின் அறுவடை நாள்!